ஒன்பது மாடியும் நாற்பத்து மூணு கையெழுத்தும்

எங்க தெருவுல மனு கொடுக்கறதா இருந்தா முதல்ல கையெழுத்து வாங்கிடுவோம், அப்புறம்தான் மனுவை எழுதுவோம். கேக்கறவங்களுக்குத் தலைகீழா தெரியும். தெரியட்டும். முப்பத்தோரு வருஷம் தாலுகா ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டா இருந்து ரிட்டயர் ஆனவ நான். இந்தப் பழக்கத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்ததே நான்தான். மனுவை எழுதி எடுத்துக்கிட்டு வாசல் வாசலா போனா ஒவ்வொருத்தரும் கண்ணாடியை மாட்டிக்கிட்டு உட்கார்ந்துடுவாங்க. ஒருத்தர் "பணிவுடன்"னு போட்டா நம்மள மதிக்க மாட்டாங்கம்பாரு. அடுத்த வீட்டுக்காரர் அந்த வார்த்தை இல்லாம எப்படிங்கம்பாரு. மூணாவது வீட்டுல, சாக்கடையோட எங்க வாசல் கம்பத்தையும் சேர்த்து எழுதிடுங்கம்பாங்க. மனு போய்ச் சேர்றதுக்குள்ள மழைக்காலமே முடிஞ்சு போயிடும்.

அதனால வெள்ளைத்தாள்ல வரிசை எண், பேர், கதவு எண், கையெழுத்துனு கட்டம் போட்டு, ஞாயித்துக்கிழமை காலையில ஒரே நடையா போய் வாங்கிட்டு வந்துடுவேன். தெருவிளக்கா, நாய்த் தொல்லையா, குப்பை வண்டியா, எதுக்குன்னு வாயால சொல்லுவேன். "நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும் மேடம்"னு போட்டுக் கொடுத்துடுவாங்க. அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கும். பெருமை இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் தனித் தாள்ல மனுவை அடிச்சு, அதுக்குக் கீழ கையெழுத்துத் தாள்களை வச்சுக் குத்தினா வேலை முடிஞ்சுது.

நாங்க இருக்கிறது பெரம்பலூர்ல, துறையூர் ரோட்டுலேருந்து கொஞ்சம் உள்ள தள்ளி. நான் பொறந்தது அரியலூர் பக்கம். வேலை பார்த்த காலத்துல இந்த ரெண்டு ஊரையும் தனித்தனி மாவட்டம்னாங்க, திரும்பச் சேர்த்தாங்க, மறுபடியும் பிரிச்சாங்க. ஒவ்வொரு தடவையும் லெட்டர் தலைப்பை மாத்தி மாத்தி அடிச்சு விரல் தேய்ஞ்சவ நான். எல்லைக்கோடு எங்க போனாலும் தண்ணிக் கஷ்டம் மட்டும் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். எங்க தெருவுக்குக் கொள்ளிடத் தண்ணி வாரத்துக்கு ஒரு தரம் வந்தா அதிர்ஷ்டம். மத்த நாளைக்கெல்லாம் அவங்கவங்க வீட்டு போர்தான். ஒரு கோடையில எங்க போர் வத்திப்போய், லாரித் தண்ணிக்குக் குடத்தை வரிசையில வச்சுட்டு வெயில்ல நின்னேன். என் வீட்டுக்காரரு பனியனோட குடம் தூக்கினதைத் தெருவே பார்த்துச்சு. அன்னைக்கு வந்த பயம் எனக்கு இன்னும் போகல.

எங்களுக்கு எதிர் வீடு ஒரு அக்காவோடது. என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவங்க. புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சு. ஒரே மக. பொறக்கும்போதே மூச்சுத் திணறி, கையும் காலும் சொன்ன பேச்சுக் கேக்காத பிள்ளை. பிள்ளைன்னு சொல்றேன், முப்பத்தி நாலு வயசு ஆகுது. அறிவுல ஒரு குறையும் கிடையாது. பேச்சு வரும், ஆனா ஒவ்வொரு வார்த்தையும் இழுத்து இழுத்து வரும், நாம பொறுமையா நின்னா புரியும். சக்கர நாற்காலிதான். வாசல்ல மூணு படி. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா அக்கா அவளை முதுகுப் பக்கமா கட்டிப் பிடிச்சு, ஒவ்வொரு படியா இறக்குவாங்க. அறுபத்தெட்டு வயசு உடம்பு. நான் பார்த்தா ஓடிப் போய் காலைப் பிடிப்பேன். பார்க்காத நாள் எத்தனையோ.

அந்த வீடும் பக்கத்துல முருங்கை நிக்கிற காலி மனையும் அக்காவோடது. அதுக்குப் பின்னால நாலஞ்சு காலி மனை, லப்பைக்குடிக்காட்டு ஊர்க்காரர் ஒருத்தர், இப்ப துபாய்ல இருக்கிறவரு, வாங்கிப் போட்டது. அதுக்கும் பின்னால அகலமான புது ரோடு. திருச்சியிலேருந்து ஒரு பில்டர் வந்து இதெல்லாத்தையும் பார்த்துட்டு, மொத்தமா சேர்த்து ஒன்பது மாடி கட்டப் போறேன்னாரு. தீயணைப்பு வண்டி வந்துபோக எங்க தெருப் பக்கமும் ஒரு வழி வேணும், அதுக்கு அக்காவோட இடம் இல்லாம ஆகாது. இடத்தைக் கொடுத்தா, கட்டி முடிச்சதும் அக்காவுக்கு ரெண்டு வீடு. ஒண்ணுல இருக்கலாம், இன்னொண்ணை வாடகைக்கு விடலாம்.

பில்டர் வந்துட்டுப் போன அன்னைக்கே அக்கா என்கிட்ட வந்தாங்க. அடுப்பங்கரைக்கே வந்து நின்னு பேசினாங்க, முகமெல்லாம் பூரிச்சுப் போய். "லிப்ட் இருக்குமாம்மா. படியே கிடையாதாம், நாற்காலிய அப்படியே உருட்டிக்கிட்டுப் போயிடலாமாம். மாடிக்கு நாலு வூடு, கீழ வாட்ச்மேன். அவ ஒரு சத்தம் போட்டா கதவத் தொறந்து என்னான்னு கேக்க ஆளு இருக்கும். எனக்கப்புறம் இந்தத் தனி வூட்ல அவளை எப்படிம்மா வுட்டுட்டுப் போவேன்?" வாடகை வந்தா சம்பளத்துக்கு ஒரு பொம்பளையைக் கூட வச்சுக்கலாம்னும் சொன்னாங்க. யோசிச்சு யோசிச்சு வச்சிருந்த கணக்கு அது. நான் நல்லதுதான்க்கான்னேன். மனசாரத்தான் சொன்னேன். அவங்க போனப்புறம் குழம்புக்குப் புளியைக் கரைச்சுக்கிட்டே, ஒன்பது மாடிக்கு எத்தனை வீடு, எத்தனை குழாய், எத்தனை அடி போர் போடுவான்னு நினைச்சேன். கையைக் கழுவிட்டுப் போய் மோட்டாரைப் போட்டு, தண்ணி வருதான்னு பார்த்தேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை பிள்ளையார் கோயில் மண்டபத்துல கூட்டம். எங்க குடியிருப்போர் சங்கத் தலைவர் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. மைக்கே தேவையில்லாத தொண்டை. எழுந்த உடனே, கோயில் கோபுரத்தைவிட உசரமா ஊர்ல எதுவும் நிக்கக் கூடாதுங்கறது முறைன்னு ஆரம்பிச்சாரு. எங்க பிள்ளையார் கோயில் கோபுரம் தண்ணித்தொட்டி உசரம்கூட இருக்காது. தலைவர் வீட்டு மொட்டை மாடியிலேருந்து பார்த்தா கலசம் காலுக்குக் கீழதான் தெரியும்னு பின்னாலேருந்து ஒருத்தர் சொல்ல, கூட்டமே குலுங்கிச்சு. தலைவர் பேச்சை மாத்தி, மேல இருந்து பார்த்தா நம்ம வீட்டுப் பொம்பளைங்க துணி காயப்போடறதெல்லாம் தெரியுமேன்னாரு. தெரிஞ்சா என்ன, பழைய நைட்டியைப் பார்த்து யாரு மயங்கப் போறான்னு நான் வாய்க்குள்ளயே சொன்னது பக்கத்துல இருந்தவங்களுக்கெல்லாம் கேட்டுடுச்சு.

விளையாட்டுப் பேச்சுதான்னாலும் உள்ளுக்குள்ள எல்லாருக்கும் ஒரு கவலை இருந்துச்சு. நகராட்சி ஆரம்பிச்ச வேலை முடியாம, சாக்கடை இப்பவே ஒரு மழைக்குப் பொங்குது. சிமெண்ட் லாரி வந்தா தெருவுல பிள்ளைங்க சைக்கிள் ஓட்ட முடியாது. கிழக்குப் பக்கத்து வீடுகளுக்கு வெயில் வராது. கட்டட வேலை முடியற வரைக்கும் தூசிதான், அரியலூர்ல சிமெண்ட் ஃபேக்டரித் தூசி என் அம்மா வீட்டு ஓட்டு மேல வெள்ளையா படியற மாதிரி இங்கயும் படியும்னு நானே சொன்னேன். வேணும்னு சொன்னவங்களும் இருந்தாங்க. மாவுக்கடைக்காரர் வியாபாரம் பெருகும்னாரு. வீட்டுலேருந்தே கம்ப்யூட்டர்ல வேலை பார்க்கிற ஒரு பொண்ணு, ரெண்டு வருஷமா வாடகை வீட்டுல இருக்கிறவ, எழுந்து நின்னு பேசினா. "இந்த நகர் போட்டப்ப இங்க பருத்தியும் சோளமும் வெளைஞ்சுதுன்னு நீங்கதான் சொல்றீங்க. அப்ப யாராவது உங்களை வரக்கூடாதுன்னு சொல்லியிருந்தா நீங்க எங்க போயிருப்பீங்க?"

எனக்கு மூக்கு மேல கோபம். அவ கேட்டது நியாயமா இருந்ததுதான் காரணம்னு இப்பத் தெரியுது. எழுந்து, நாங்க வந்தப்ப நூத்தம்பது அடியில தண்ணி வந்துச்சு, இப்ப எழுநூறுல காத்துதான் வருது, ஒன்பது மாடிக்காரன் ஆயிரத்துக்கு மேல இறக்கினா நாம குழாயைத் திறந்து ஊதிப் பார்த்துக்க வேண்டியதுதான்னேன். கைதட்டுனாங்க. ரிட்டயர் ஆனப்புறம் யாரும் எனக்குக் கைதட்டினதில்ல.

அக்கா கடைசியில ஓரமா உட்கார்ந்திருந்தாங்க. மகளுக்குச் சோறு ஊட்டிட்டு லேட்டாத்தான் வந்தாங்க. தலைவர் மரியாதைக்கு, "நீங்க என்னக்கா சொல்றீங்க"ன்னு கேட்டாரு. அக்கா எழுந்து முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு, "எனக்கு ஒரு லிப்ட் இருந்தா..."ன்னு ஆரம்பிச்சாங்க. யாரோ ஒருத்தர் ஒரு லிப்ட்டுக்காக ஒன்பது மாடியான்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அதைச் சொல்லாம விட்டுட்டு இதை எழுதக் கூடாது. அக்காவும் லேசா சிரிச்சுட்டு உட்கார்ந்துட்டாங்க. முழு விஷயமும் தெரிஞ்சவ அந்த மண்டபத்துல நான் ஒருத்திதான். எழுந்து சொல்லியிருக்கலாம். கைதட்டல் காதுல இருக்கும்போது அதெல்லாம் எங்க தோணுது.

ஆட்சேபணை மனு கொடுக்கறதுன்னு முடிவாச்சு. அடுத்த திங்கள் குறைதீர்க்கும் நாள்ல கலெக்டர் ஆபீஸ்ல கொடுக்கணும், கையெழுத்தெல்லாம் மேடம் பார்த்துக்குவாங்கன்னு தலைவர் அறிவிச்சாரு. வாரம் முழுக்க இன்னைக்குப் போகலாம் நாளைக்குப் போகலாம்னு தள்ளிப் போட்டேன். உண்மையைச் சொன்னா, எதிர் வீட்டைத் தாண்டிக்கிட்டு அந்தத் தாளை எடுத்துட்டுப் போகக் கால் வரல. சனிக்கிழமை அரியலூர்ல என் தம்பி மருமகளுக்கு வளைகாப்பு. போயிட்டு ஞாயித்துக்கிழமை சாயங்காலம்தான் பஸ் ஏறி வந்தேன். வந்து காப்பி போடறதுக்குள்ள தலைவர் போன். ரெடியா மேடம்னாரு. ரெடி சார்னேன்.

ரெடியும் இல்ல ஒண்ணும் இல்ல. ஆனா என் பிளாஸ்டிக் ஃபைல்ல ரெண்டு மாசத்துக்கு முந்தி வாங்கின கையெழுத்துத் தாள்கள் இருந்துச்சு. சாக்கடைக்காக வாங்கினது. மனு அடிக்கறதுக்குள்ள நகராட்சியே ஆளை அனுப்பி வேலையை ஆரம்பிச்சிட்டதால அது அப்படியே தங்கிப் போச்சு. நாற்பத்து மூணு கையெழுத்து. எதுக்குன்னு எந்தத் தாள்லயும் எழுதியிருக்காது, எங்க வழக்கம்தான் அப்படியாச்சே. எல்லாம் நம்ம தெரு ஆளுங்க, எல்லாருக்கும் இதுல இஷ்டம்தானேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு மனுவை அடிக்க ஆரம்பிச்சேன்.

மூணாவது தாள்ல அக்கா கையெழுத்து. அதுக்குக் கீழ அவங்க மக கையெழுத்து. சாக்கடைக்காக நான் போனப்ப, நானும் போடுவேன்னு அவ அடம் பிடிச்சா. அக்கா பேனாவை அவ இடது கையில திணிச்சு, தாளைப் பலகை மேல அழுத்திப் பிடிச்சுக்கிட்டாங்க. இனிஷியலோட முழுப் பேரையும் எழுதி முடிக்க ரொம்ப நேரம் ஆச்சு. எழுத்து ஒவ்வொண்ணும் கோணலா, பெருசா, மூணு கட்டத்தைத் தாண்டிக்கிட்டுப் போயிருந்துச்சு. எழுதி முடிச்சதும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அவளுக்கு ஓட்டு இருக்கு, ரேஷன் கார்டுல பேர் இருக்கு, ஆனா தெருவுக்காக ஒருத்தர் அவகிட்ட தாளை நீட்டினது அதுதான் முதல் தடவை.

பின்னால எல்லார்கிட்டயும் நான் கவனிக்கலைன்னுதான் சொன்னேன். தலைவர்கிட்ட, பில்டரோட மேனேஜர்கிட்ட, என் வீட்டுக்காரர்கிட்டகூட. அது பொய். கவனிச்சேன். அந்தக் கையெழுத்தை யாராலயும் கவனிக்காம இருக்க முடியாது. அதை அடிச்சுடலாமான்னு பேனாவைக்கூட எடுத்தேன். ஆனா அடித்தல் திருத்தல் உள்ள தாளை ஆபீஸ்ல சந்தேகமாப் பார்ப்பாங்க, முப்பத்தோரு வருஷம் நானே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன். அந்தத் தாளையே எடுத்துடலாம்னா அதுல இன்னும் பன்னெண்டு பேரு இருந்தாங்க. கையெழுத்துத் தாளை எவன் உட்கார்ந்து படிக்கப் போறான், எண்ணிப் பார்ப்பான், அவ்வளவுதான்னு நினைச்சு, ஓரத்துல குத்திட்டேன்.

திங்கக்கிழமை பஸ்ஸெல்லாம் சிறுவாச்சூர் கோயிலுக்குப் போற கூட்டம். அதுல தொத்திக்கிட்டு நாங்க ஆறு பேரு கலெக்டர் ஆபீஸ் போய், வரிசையில நின்னு மனுவைக் கொடுத்தோம். ரசீது வாங்கினோம். தலைவர் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாரு.

மனு அங்கேருந்து நகரமைப்பு ஆபீஸுக்குப் போயிருக்கு. அங்க ஒருத்தர் உட்கார்ந்து படிச்சிருக்காரு. ஆபீஸ்ல நல்லா வேலை செய்யற ஆளு ஒருத்தர் இருந்தா அன்னைக்குப் பார்த்து நமக்கு வினையா வந்து நிப்பாரு. உங்களுக்கு இடம் கொடுக்கிற அம்மாவே இது வேண்டாம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்களேன்னு பில்டரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்காரு.

ஒரு மாசம் கழிச்சு, காலையில பத்து மணி இருக்கும், பில்டர் கார்ல வந்து அக்கா வீட்டு வாசல்ல இறங்கினாரு. நான் எங்க கேட்டுல கீரைக்காரிகிட்ட கீரை வாங்கிக்கிட்டு இருந்தேன். அவரு சத்தம் போடற ஆளு இல்ல. கையில ஜெராக்ஸ் தாள். விருப்பமில்லைன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா, இப்படிப் பின்னால பண்ணலாமான்னு கேட்டாரு. இதைக் காட்டி அதிகமா கேக்கறீங்களோன்னு எனக்குச் சந்தேகம்னாரு. அக்காவுக்கு ஒண்ணும் புரியல. நான் எதுலயும் போடலைங்கன்னு திரும்பத் திரும்பச் சொன்னாங்க. மக உள்ளேருந்து நாற்காலியை உந்தி உந்தி வாசல்படி வரைக்கும் வந்தா. பில்டர் தாளை அவ பக்கமாத் திருப்பி, இது உங்க பொண்ணு கையெழுத்துதானேன்னு கேட்டாரு.

அவ பார்த்தா. முகம் மலர்ந்து போச்சு. நெஞ்சுல கையை வச்சு, "நா... நான்... போட்டது"ன்னா.

தெருவே கேட்டுக்கிட்டு நின்னுச்சு. அக்கா அந்த ஜெராக்ஸை வாங்கிப் பார்த்தாங்க. பார்த்துட்டு நிமிர்ந்து நேரா என்னைப் பார்த்தாங்க. கீரைக்கட்டோட நான் உள்ள போயிட்டேன். ஓடிட்டேன்னே சொல்லலாம்.

என் வீட்டுக்காரரு பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு. உன் வேலையான்னு கேட்டாரு. தலையை ஆட்டினேன். பேப்பரை மடிச்சு வச்சுட்டு, அடிச்ச கையாலயே திருத்தி அடின்னு மட்டும் சொன்னாரு. சாதாரணமா என்னை ஒண்ணும் சொல்லாத மனுஷன். அவரு அப்படிச் சொன்னதும் அழுகை வந்துடுச்சு, வெங்காயம் உரிக்கிறேன்னு சாக்குச் சொல்லிக்கிட்டு அழுதேன்.

அடுத்த திங்கக்கிழமை தனியா போனேன். இணைக்கப்பட்டுள்ள நாற்பத்து மூன்று கையெழுத்துகளும் வேறு பொருள் குறித்துப் பெறப்பட்டவை, மேற்படி மனுவுக்கு அவர்களின் ஒப்புதல் பெறப்படவில்லை, தவறு முழுவதும் என்னுடையதுன்னு நானே அடிச்சு, நானே கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போனேன். மனு வாங்கற பிரிவுல இருந்த பொண்ணு ஒரு காலத்துல என்கிட்ட டைப் பழகினவ. படிச்சுட்டுக் குரலைத் தாழ்த்தி, "நீங்களே இப்படிப் பண்ணலாமா மேடம்"னு கேட்டா. நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. கேஸ்கீஸ்னு வந்தா பார்த்துக்கலாம்னு அவளுக்கு ஒரு சமாதானம் சொல்லிட்டு ரசீதை வாங்கிக்கிட்டு வந்தேன்.

பில்டருக்குப் போன் பண்ணேன். மேனேஜர்தான் எடுத்தாரு. நடந்ததைச் சொன்னேன். தன்மையாத்தான் பேசினாரு. "நாங்க அரியலூர் ரோட்ல வேற இடம் முடிச்சிட்டோங்கம்மா. தெருவே சேர்ந்து எதிர்க்கிற இடத்துல சார் இறங்க மாட்டாரு"ன்னாரு. அந்தக் கையெழுத்து தப்புங்க, அந்த அம்மாவுக்குச் சம்மதம்தாங்கன்னு கெஞ்சினேன். வாழ்க்கையில நான் யாரையும் கெஞ்சினது கிடையாது. மேனேஜர் பரவாயில்லைம்மான்னாரு. அவருக்குப் பரவாயில்லைதான்.

நான் கடுதாசி கொடுத்தது தெரிஞ்சு தெருவுல ரெண்டு நாள் என்னைத் துரோகின்னு பேசினாங்க. தலைவர் என் கேட்டைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனாரு. பில்டர் வரப் போறதில்லைன்னு தெரிஞ்சதும் அதையும் மறந்துட்டாங்க. வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு அபிஷேகம், ஜெயிச்சிட்டோம்னு வீட்டுக்கு வீடு சர்க்கரைப் பொங்கல். அக்கா வீட்டுக்கும் ஒரு தொன்னை போச்சு. தலைவர் வேணும்னு பண்ணல. எல்லா வீட்டுக்கும் கொடுக்கச் சொன்னாரு, அந்த வீட்டுக்கும் கொடுத்துட்டாங்க.

தண்ணி விஷயத்துல நான் சொன்னது இன்னைக்கும் சரின்னுதான் நினைக்கிறேன். ஒன்பது மாடி வந்திருந்தா எங்க போர் என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இப்பவும் பகீர்ங்குது. மாடியைக் குறைக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். மழைத்தண்ணியைச் சேமிக்கத் தொட்டி கட்டு, லாரித் தண்ணியை வெளியிலேருந்து கொண்டுவான்னு எழுதி வாங்கியிருக்கலாம். அக்காவுக்குத் தரைத்தளத்துல ஒரு வீடுன்னு நாங்களே பேசிக் கொடுத்திருக்கலாம். மனு எழுதத் தெரிஞ்சவ நான், இதையெல்லாம் ஒரே பக்கத்துல அடிச்சிருப்பேன். அந்த மண்டபத்துல ரெண்டு மணி நேரம் பேசினோம், ஆனா இது யாருக்கும் தோணல. வேணும், வேண்டாம், ரெண்டுல ஒண்ணுதான் எங்களுக்குத் தெரிஞ்சுது.

அக்கா என்கிட்ட சண்டைக்கு வரல. வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். திட்டுனா வாங்கிக்கலாம், கத்தினா நாமளும் ரெண்டு கத்தலாம், அழுது முடிச்சுக்கலாம். அவங்க தண்ணி வந்தா குடத்தோட வெளிய வந்தாங்க, என்னைப் பார்த்தா தலையசைச்சாங்க, உள்ள போனாங்க. பத்து நாள் தாங்கினேன். அப்புறம் ஒரு நாள் மத்தியானம், ஆபீஸ்ல கொடுத்த கடுதாசியோட நகலை எடுத்துக்கிட்டு அந்த மூணு படியை ஏறினேன்.

மக சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. அக்கா தட்டை மடியில வச்சு ரசஞ்சோறு பிசைஞ்சு ஊட்டிக்கிட்டு இருந்தாங்க. வாம்மா, உட்காருன்னாங்க. மக என்னைப் பார்த்துச் சிரிச்சா. கடுதாசியை நீட்டினேன். அக்கா இடது கையால வாங்கி, தூரமாப் பிடிச்சு முழுசும் படிச்சாங்க. படிச்சுட்டு நாலா மடிச்சு ஜன்னல் மேல வச்சாங்க. நான் பேச ஆரம்பிச்சேன். ஞாயித்துக்கிழமை லேட்டா வந்தது, தலைவர் அவசரப்படுத்தினது, எல்லாம் சொன்னேன். பாதியிலேயே எனக்கே அலுத்துப்போச்சு. நான் பார்த்துட்டுத்தான்க்கா வச்சேன்னேன். மூணாவது தாள்ல உங்க ரெண்டு பேர் கையெழுத்தும் இருந்தது தெரிஞ்சேதான் வச்சேன், யாரும் படிக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்னேன். இந்த உண்மையை நான் அவங்க ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்.

அக்கா ஒரு வாய் ஊட்டினாங்க. அவ மென்னு முழுங்கற வரைக்கும் காத்திருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க.

"தண்ணி இல்லாட்டி எனக்கும் கஷ்டம்தாம்மா. நீ மண்டபத்துல பேசுனது தப்புன்னு நான் சொல்லல."

இன்னொரு வாய் ஊட்டினாங்க.

"நாப்பத்து மூணு பேருல எங்களை வுட்டா நாப்பத்தி ஒண்ணு. நான் போனப்புறம் இவளைப் பாத்துக்கறதுக்கு அதுல ஒரு பேரு சொல்லும்மா. ஒண்ணு போதும்."

குத்திக் காட்டற குரல் இல்ல அது. நிஜமாவே கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சுக் கேட்டாங்க.

அந்தப் பேரெல்லாம் எனக்கு மனப்பாடம். கதவு எண் வரிசைப்படி ஒவ்வொருத்தராப் போனேன். இவருக்கு சுகர், இவங்க மக வீட்டுக்குப் போயிடுவாங்க, இவரு தன் அம்மாவையே பார்க்கல. எல்லாரையும் தாண்டியாச்சு. மிச்சம் இருந்தது முதல் வரி. அது என் பேருதான். எனக்கு அறுபத்தோரு வயசு, முழங்கால் வலி இருக்கு, என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் சொல்லியிருக்காங்க. இதெல்லாம் நிஜம். எதிர் வாசல்லதான் என் வீடு, அதுவும் நிஜம். நான் இருக்கேன்க்கான்னு சொல்ல வாயைத் திறந்தேன். சும்மா ஆறுதலுக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லல.

அக்கா என் முகத்தைப் பார்த்தாங்க. அப்புறம் தட்டைக் கீழ வச்சுட்டு, மகளோட வாயைத் துடைச்சு விட்டாங்க.